மஞ்சள், சுண்ணாம்பு, தண்ணீர் பாட்டில்: ரங்கூன் கோடை வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் வழி

மார்ச் மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் கோடைகாலத் தமிழ் வகுப்பு கூடிவிடும். ஆத்திசூடியும் வாய்பாடும் முடிகிற பத்தரை மணிக்கு வெளியே கால் வைக்க முடியாத வெயில். நாற்பது பிள்ளைகளும் மண்டபத்துக்குள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். அந்த நேரம் பார்த்து நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர், "நீ யுனிவர்சிட்டியில் பிசிக்ஸ்தானே படிக்கிறாய்? இதுகளுக்கு ஒரு மணி நேரம் ஏதாவது சொல்லிக்கொடேன்மா" என்றார். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். ஐந்து கோடை ஆகிவிட்டது. இந்த ஆண்டு புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக, செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. அந்த ஒரு மணி நேரமும் பொருள் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். என்ன நடந்தது என்பதை முதலில் அவர்கள் சொல்ல வேண்டும், நீங்கள் அப்புறம்தான். கல்லூரியில் படித்ததைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். அதை அடக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் அனுமதி, ஆள், இடம்

கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பெற்றோரிடம், குறைந்தது கூட்டிவர வருகிற பாட்டியிடமாவது, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். மெழுகுவத்தி ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஐந்து பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கில் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் வந்தால் இருபது பேரை ஓவியத்துக்கு அனுப்பிவிட்டு மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் ஃபேஸ்புக்கில் போடவும் கூடாது. இதில் விவாதமே வேண்டாம்.

மின்சாரத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் புரொஜெக்டரும் வீடியோவும் வைத்துப் பாடம் எடுக்க நினைத்தால் பாதி நாள் சும்மா உட்கார வேண்டியதுதான். சுவர் பிளக்கில் செருகுகிற எதையும் பிள்ளைகள் பக்கம் கொண்டுவராதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய போன் பேட்டரி, பாதரசத் தெர்மாமீட்டர் மூன்றும் வேண்டாம். சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரி கண்ணில் பட்டால் உடனே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

இத்தனையும் போனால் மீதி என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 1972-ல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தில் கிடைக்கிற மலிவான பொருளை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்து, பார்த்ததை எழுதி, தாங்களே முடிவுக்கு வருவார்கள். 30 ஆண்டு நடந்தது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் அது முடிந்ததென்றால் நம் மண்டபத்திலும் முடியும்.

வீட்டில் மூன்று முறை

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு சோதனை போதும். ஐந்து வித்தை காட்டினால் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போய்க் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. தேர்ந்தெடுத்த அந்த ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோகும் அதே பொருளை வைத்து வீட்டில் மூன்று முறை செய்துவிடுங்கள். நான் முதல் ஆண்டு இதைச் சரியாகச் செய்யவில்லை. வீட்டில் துணி துவைக்கிற கட்டிச் சோப்பை மஞ்சள்தூள் பூசிய தாளில் தேய்த்தபோது பளிச்சென்று சிவந்தது. வகுப்புக்கு வேறொரு திரவச் சோப்பை வாங்கிப் போனேன். தாள் மஞ்சளாகவே இருந்தது. பழைய பாணிக் கட்டிச் சோப்பு காரத்தன்மை உள்ளது. புதிய திரவங்கள் பலவற்றில் அது இருக்காது. இருபது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்குக் காரணம் தெரியவில்லை. "தெரியலை, நாளைக்குப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன். மறுநாள் இரண்டு சோப்பையும் கொண்டுபோனேன். அந்த வகுப்பு முதல் நாளைவிட நன்றாக அமைந்தது.

மஞ்சள் தாள்: முதல் வகுப்புக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள்

வேண்டியவை: மஞ்சள்தூள், வெள்ளைத் தாள், எலுமிச்சம்பழம், காது குடைகிற பஞ்சுக்குச்சி, கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அலையவே வேண்டாம், தெருவுக்குத் தெரு குன்யா (வெற்றிலை பாக்கு) கடை இருக்கிறது.

முதல் நாள் இரவே மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்துவிடுங்கள். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. பட்டாணி அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் நீங்களே கரைத்து, தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் சின்ன மூடிகளில் ஊற்றிக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும். முடிந்ததும் எல்லாரும் கை கழுவ வேண்டும். கண்ணில் தெறித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பிள்ளைகள் உட்கார்ந்ததும் எதையும் விளக்காதீர்கள். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, "இந்தத் தண்ணியில குச்சியைத் தொட்டு எழுதினா என்ன நிறம் வரும்?" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு நிறம் சொல்லட்டும். சொன்னதைப் பலகையில் எழுதுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடவே கூடாது. முன்கூட்டி ஒரு நிறத்தைச் சொல்லிவிட்ட பிள்ளை தன் பந்தயத்தில் கண்ணை வைத்திருக்கும். சொல்லாத பிள்ளை சும்மா வேடிக்கை பார்க்கும்.

அப்புறம் எழுதச் சொல்லுங்கள். தெளிந்த தண்ணீர் மஞ்சள் தாளில் பட்டதும் இரத்தச் சிவப்பாக எழுத்து எழும்பும். மூன்று ஆண்டுக்கு முன் ஏழு வயதுப் பெண் ஒருத்தி தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, குச்சியை அப்படியே தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கல்யாணத்துல சுத்துற தண்ணி." ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை நம் பாட்டிமார் தாம்பாளத்தில் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறார்கள். அவள் அதைப் பார்த்திருக்கிறாள், ஆனால் கேட்டதில்லை. அன்று நான் எதையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது எலுமிச்சைச் சாற்றை எடுங்கள். சிவந்த எழுத்தின் மேல் தடவினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மண்டபமே சத்தம் போடும், போடட்டும். சத்தம் அடங்கிய பிறகுதான் அமிலம், காரம் என்ற இரண்டு சொல்லையும் எடுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள்தான் காரம் பட்டால் சிவக்கிறது, அமிலம் பட்டால் திரும்புகிறது என்று இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். "அப்ப குன்யா போடுறவங்க வாயும் இதனாலதான் சிவக்குதா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அங்கே சிவப்பு வருவது மஞ்சளால் இல்லை, பாக்கில் உள்ள பொருள்கள் சுண்ணாம்போடு சேருவதால். அது வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் பழக்கம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

போகும்போது, "நாளைக்கு வீட்டிலேர்ந்து ஒரு மூடி அளவு ஏதாவது கொண்டாங்க, சோதிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புங்கள். கழிப்பறை கழுவுகிறதும் பிளீச்சும் கூடாது என்று அம்மாமாரிடமும் சொல்லுங்கள். புளிக்கரைசல், அடுப்புச் சாம்பல் தண்ணீர், மீன் சாறு, தயிர் என்று வந்து நிற்கும். சாம்பல் தண்ணீர் தாளைச் சிவக்க வைக்கும்போது கொண்டுவந்த பையனின் முகத்தைப் பாருங்கள்.

மூன்று மொழி

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மிய மொழி. உங்களுக்கோ பல்கலைக்கழகத்தில் படித்த ஆங்கிலச் சொல்தான் முதலில் வாயில் வரும். தமிழ் வகுப்பு என்பதற்காக "தமிழில் சொன்னால்தான் ஆச்சு" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பார்த்ததை எந்த மொழியில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சொல்லைத் திருத்தப் போனால் பிள்ளை சொல்ல வந்ததையே விட்டுவிடும்.

இந்தக் கலப்பில் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. தமிழில் வீசினாலும் சும்மா இருந்தாலும் காற்றுதான். பர்மிய மொழியிலும் இரண்டுக்கும் "லே" என்ற ஒரே சொல். அதனால் மின்விசிறி நின்றுவிட்டால், "காத்தே இல்லை அக்கா" என்பார்கள். காலி டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பார்கள். டம்ளரின் அடியில் ஒரு தாளைக் கசக்கித் திணித்து, நேராகக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் முழுக்க அமுக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்தால் தாள் நனைந்திருக்காது. டம்ளரைச் சற்றே சாய்த்து அமுக்கினால் குமிழி வரும், தாளும் நனையும். வீசாத காற்றும் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளை தானே சொல்லிவிடும்.

மெழுகுவத்தி: தப்பாகச் சொல்லித்தராதீர்கள்

தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். இந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியும். "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சு" என்ற விளக்கமும் எல்லாருக்கும் தெரியும். அந்த விளக்கம் தப்பு. எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், நானும் ஒரு கோடை முழுக்க அதையே சொன்னேன். இன்றைக்கும் அது மனத்தை உறுத்துகிறது.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது முழுதும் தீரும் முன்பே, இன்னும் 16 சதவீதம் வாக்கில் இருக்கும்போதே, சுடர் அணைந்துவிடும். எரிந்ததில் கரியமில வாயுவும் நீராவியும் வேறு உண்டாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் சூடுதான். சுடரால் சூடான காற்று விரிந்திருக்கிறது. சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே இருக்கிற காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரே அளவு டம்ளர் இரண்டு எடுங்கள். ஒன்றுக்குள் ஒரு மெழுகுவத்தி, இன்னொன்றுக்குள் மூன்று. டம்ளருக்குள் உள்ள ஆக்சிஜன் இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் மூன்று உள்ளதில் தண்ணீர் கூடுதலாக ஏறும். இன்னும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது? சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா? அணைந்த பிறகுதான். தொடக்கத்தில் டம்ளர் விளிம்பில் குமிழி வெளியேறியதா? அதையும் யாராவது பார்த்துவிடுவார்கள். தீக்குச்சி உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். நீளத் தலைமுடியைக் கட்டிவிடுங்கள், தனக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைக் குழம்பு) பூசிய குட்டிகள் முகத்தைக் கிட்டே கொண்டுபோவார்கள், கொஞ்சம் பின்னால் உட்காரவையுங்கள்.

ஒரு முறை சுடர் அணைந்ததும் ஐந்து வயதுக்காரன் "மீ போச்சு!" என்று கத்தினான். பர்மிய மொழியில் நெருப்புக்கும் "மீ", வீட்டு மின்சாரத்துக்கும் "மீ". கரண்டு வரும்போது தெருவே "மீ லாபீ!" என்று கூவும் ஊர் இது. அன்று முழுக்க நெருப்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று பேசிக்கொண்டிருந்தோம். போட்டு வைத்த திட்டம் அப்படியே கிடந்தது. பிள்ளைகள் நல்ல கேள்வியோடு வந்தால் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

பானையும் வெயிலும்

தெருவோரம் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பானை வைப்பது பர்மிய வழக்கம். நம் வீட்டிலும் மண்பானை உண்டு. பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டால் "மண் குளிர்ச்சி" என்பார்கள். சாராயம் அடைத்த சிவப்புத் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, அட்டையால் விசிறச் சொல்லுங்கள். மார்ச் நடுப்பகலில் ஏழெட்டு டிகிரி வரை வித்தியாசம் எழுதி வைத்திருக்கிறோம். ஜூலை மழையில் அதே சோதனையில் இரண்டு டிகிரிகூட வரவில்லை. காற்றே ஈரமாக இருந்தால் துணி எங்கே காயும்? வகுப்பிலேயே பேசாமல் ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் படிக்கிற வேலையைக் கொடுங்கள். எண்ணைச் சொல்ல அது வாயைத் திறந்தாக வேண்டும்.

மே மாதம் 7-ஆம் தேதி வாக்கில் இன்னொன்று இருக்கிறது. ரங்கூனில் அன்று நண்பகல் 12 மணி 2 நிமிடத்தை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தரையில் நிறுத்திய பாட்டிலின் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துவிடும். ஆகஸ்ட் 5 வாக்கில் மறுபடியும் வரும், ஆனால் அப்போது மேகம் மறைத்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் வெயிலில் நிறுத்தாதீர்கள். கோயிலுக்குள் செருப்பு போட முடியாது, கல் தரை கொதிக்கும், அதனால் வாசலுக்கு வெளியே செருப்போடு செய்யுங்கள். அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நண்பகல் நிழல் தெற்கே விழுந்திருக்கும். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இதைக் கண்டு அதிகம் வியந்தார்கள்.

பூமி ஆடியதைப் பற்றிக் கேட்டால்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் 12.50. மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. ரங்கூனிலும் விளக்குகள் ஆடின. அதற்குப் பிறகு வந்த வகுப்பில் மஞ்சளும் மெழுகுவத்தியும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "அக்கா, திரும்ப வருமா?" என்பதுதான் எல்லார் வாயிலும்.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். வரும், ஆனால் எந்த நாள் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது, நாள் குறித்து போனில் வரும் செய்தியை நம்பாதீர்கள் என்று சொல்லுங்கள். பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக 1,000 கிலோமீட்டருக்கு மேல் சகாயிங் பிளவு என்ற பாறை வெடிப்பு ஓடுகிறது. 1930 மே 5-ல் பெகு நகரை இடித்த நிலநடுக்கமும் அதில் வந்ததுதான்.

ஒரு செங்கல், ஒரு ரப்பர் பேண்டு, சொரசொரப்பான பலகை போதும். செங்கல்லில் நூலைக் கட்டி, நூலில் ரப்பரை மாட்டி, மெதுவாக, ஒரே சீராக இழுக்கச் சொல்லுங்கள். செங்கல் அசையாது. ரப்பர் நீளும், நீளும், திடீரென்று செங்கல் ஒரு குதி குதித்து நின்றுவிடும். பிளவும் இப்படித்தான் சிக்கிக்கொண்டு நின்று, தாங்க முடியாதபோது நழுவுகிறது. அடுத்த குதி எப்போது என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். யாராலும் முடியாது. நான் எவ்வளவு பேசியிருந்தாலும் இந்தப் பத்து நிமிடம் போல் புரிந்திருக்காது.

பயந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், வெளியே அம்மாவிடம் போய் உட்காரட்டும். கடைசியில் எல்லாரும் ஒரு முறை குனிந்து, மேசைக்கு அடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொண்டு பழகட்டும். பயத்துக்குக் கையில் ஒரு வேலை கொடுத்தால் அது கொஞ்சம் இறங்குகிறது.

மழைக்கு முன் வைத்துவிட்டுப் போகவேண்டியது

ஏப்ரலில் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டும் நம் புத்தாண்டும் சேர்ந்தே வரும். அந்த இரண்டு வாரம் யாரும் வர மாட்டார்கள், நீங்களும் விட்டுவிடுங்கள். மே நடுவில் மழை பிடித்துவிடும், ஜூனில் பள்ளி. அதற்குள் ஒரு மழைமானியைச் செய்து வைத்துவிட வேண்டும்.

பக்கம் நேராக இருக்கிற பெரிய தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை அறுத்து, கவிழ்த்து அதற்குள்ளேயே புனலாகச் செருகுங்கள். அறுப்பது உங்கள் வேலை. அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறியுங்கள். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் அளவு ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். தினமும் காலையில் படித்துவிட்டுச் சுழியம் வரை கொட்டிவிட வேண்டும். தேங்கவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும், வாரம் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கனத்த மழை நாளில் பாட்டில் மளமளவென்று ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

படிக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது? கெட்டிக்காரப் பிள்ளையிடம் கொடுக்கத் தோன்றும். கோயிலுக்கு மிக அருகில் வீடு உள்ள பிள்ளையிடம் கொடுங்கள். போன ஆண்டு வாசலில் பூக்கட்டும் அம்மாவின் மகளிடம் நோட்டைக் கொடுத்தோம், ஒன்பது வயது. பள்ளிக்குப் போகும் வழியில் குடையோடு வந்து படித்து எழுதுவாள். அக்டோபரில் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது மூன்று நாள் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் "காய்ச்சல்" என்று எழுதியிருந்தாள்.